கோயிற் கிணறு

குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகுகள் இரு திசைகளுக்குப் புறப்படுகின்றன. நயினாதீவுக்குச் செல்வோரின் கைகளில் பூத்தட்டும் அர்ச்சனைப் பையும் இருக்கும். சிறிது நேரத்தில் அக்கரை சேர்ந்துவிடுவர். நெடுந்தீவுக்குச் செல்வோரின் சுமை வேறு. சீமெந்துப் பை, எரிவாயு உருளை, பாண் நிறைந்த பெட்டி, மருத்துவமனைத் துண்டு, நொத்தாரிசு ஒப்பமிட்ட காணி உறுதி, காலைக் கட்டிய ஆட்டுக்குட்டி என யாழ்ப்பாண நகரில் முடித்துக்கொண்ட அலுவல்களும் வாங்கிக்கொண்ட தேவைகளும் அங்கே குவிந்து கிடக்கும். அத்தீவில் அவற்றுள் எதுவும் கிடைக்காது என்பதல்ல. கிடைப்பவை எல்லாம் இப்படித்தான் வந்து சேர்ந்தவை என்பதே செய்தி.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை வழியே புங்குடுதீவின் மேற்கு முனைவரை தரைவழி உண்டு. அதற்கப்பால் கடல். ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். சோளகக் காற்று எழும்பிவிட்டால் அந்த ஒரு மணி நேரம் நெடியதாகிவிடும். படகின் அடித்தட்டில், டீசல் மணத்தின் நடுவே, பழகியவர்கள் கண்ணை மூடி உறங்குவர். பழகாதவர்கள் செபமாலையைத் தேடுவர். இரண்டையும் நாம் செய்திருக்கின்றோம்.

அத்தீவின் ஒரு பகுதியில் ஒரு சிற்றாலயத்தைக் கவனிக்கும் பொறுப்பு எமக்குத் தரப்பட்டபோது எமது அகவை ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தது. இறையியற் கல்லூரியில் எம்மோடு பயின்ற நண்பர் ஒருவர் தொலைபேசியில், “தவக்காலம் நீண்டுவிட்டதோ?” என்று நகைத்தார். நாமும் நகைத்தோம். உள்ளூரச் சற்று வருந்தியதும் உண்மையே. ஐந்து ஆண்டுகள் அங்கு வாழ்ந்து, கரைக்கு மீண்டு, இப்போது இவ்வரிகளை எழுதும்போது, அங்கு நிகழ்ந்த ஒன்றை எழுதாமல் மற்றவற்றை எழுதுவது நேர்மையாகாது எனத் தோன்றுகிறது. ஆயினும் முதலில் தீவைப் பற்றிச் சில சொற்கள்.

யாழ்ப்பாணத்தைச் சூழ்ந்த, மக்கள் வாழும் தீவுகளுள் தொலைவிலுள்ளது நெடுந்தீவே. பரப்பு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரால் இதனை ‘டெல்வ்ற்’ என்றனர். அரச ஏடுகளில் இன்றும் அப்பெயர் நிற்கிறது, மக்கள் நாவில் நிற்கவில்லை. காணிகளின் எல்லையாக முட்கம்பியோ கிடுகு வேலியோ இல்லை. முருகைக் கற்களை ஒன்றன் மேலொன்றாகச் சாந்தின்றி அடுக்கிய மதில்களே எங்கும் ஓடுகின்றன. காற்று அவற்றின் இடுக்குகளால் புகுந்து செல்வதால் மதில் சாய்வதில்லை. பனைகள், மேய்ச்சல் வெளிகள், போர்த்துக்கீசர் காலத்தில் கொணரப்பட்டதாகக் கூறப்படும் மட்டக் குதிரைகளின் வழித்தோன்றல்கள், அராபிய வணிகரோடு வந்ததாகச் சொல்லப்படும் பெருக்குமரம், இடிந்த கோட்டை, புறாக்கூடு ஆகியவற்றைக் காண்பதற்கே வெளியூரார் வருகின்றனர். தனிநாயகம் அடிகளாரின் தந்தைவழி ஊர் இதுவென்பதை அவர்களுள் பலர் அறியார். உலகெங்கும் தமிழைச் சுமந்து சென்ற அம்மனிதரின் முன்னோர், கடல் கடக்காமல் ஒரு மருந்துகூட வாங்க முடியாத மண்ணில் வாழ்ந்தவர்கள் என்பதை நினைக்கும்போது எமக்கு வியப்பு அடங்குவதில்லை.

காலைப் படகில் வந்து, ஓட்டோவிலோ சிறு லொறியிலோ ஏறி, குதிரையைப் படம் பிடித்து, பிற்பகற் படகில் மீள்வோர்க்கு நெடுந்தீவு ஒரு பகற்பொழுது. அரச அலுவலர் சிலர்க்கு அது திங்கள் காலையில் தொடங்கி வெள்ளி மாலையில் முடியும் ஊர். அவர்களைக் குறை கூற எமக்கு வாயில்லை. பிள்ளைகளின் படிப்பு கரையிலன்றோ இருக்கிறது. ஆனால் ஓர் ஊரை அறிய வேண்டுமாயின் கடைசிப் படகு போனபின் அங்கு இருந்து பார்க்க வேண்டும். படகின் இயந்திர ஒலி தேய்ந்ததும் ஒரு பேரமைதி வந்து இறங்கும். அதன் பின்னர் ஒரு பெண்ணுக்குப் பேற்றுநோவு கண்டாலும், ஒரு முதியவருக்கு மார்பு அடைத்தாலும், கடலும் காற்றும் இசைந்தாலன்றிப் பெரிய மருத்துவமனை இல்லை. அவ்வாறான இரவொன்றில், கடற்படையின் படகில் ஏற்றப்பட்ட நோயாளி ஒருவரின் கையைப் பற்றியபடி நாமும் கரைவரை சென்றோம். அவர் பிழைத்தார். மறுநாட் காலை குறிகட்டுவானில் தேநீர் அருந்தியபோது எமது கை நடுங்கியது இன்றும் நினைவில் உள்ளது.

போருக்கு முன்பே வயல் தேடி வன்னிக்குச் சென்றவர்கள் பலர். போரோடு கடல் கடந்தவர்கள் அதனினும் பலர். எஞ்சியிருப்போர் இன்று நாலாயிரத்தை ஒட்டியவர்களே. ஆகவே ஒரு வீட்டில் விளக்கெரிந்தால் அடுத்த இரண்டு வீடுகளில் எரியாது. கதவுகளில் பூட்டும், முற்றத்தில் பனம்பழமும் கிடக்கும்.

இத்தகைய ஊருக்கு ஒருவர் முதலீட்டோடு வருகிறார் என்றால் எவர்தாம் மகிழமாட்டார்?

2017ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அவர் வந்தார். பெயர் வேண்டாம். தீவிலே பிறந்து, பதினெட்டு வயதில் வெளியேறி, ரொறன்ரோவில் முப்பது ஆண்டுகள் உழைத்தவர். மாவிலித்துறையில் இறங்கியதும், 1985 மே 15ஆம் நாள் ‘குமுதினி’ படகில் வெட்டிக் கொல்லப்பட்ட இருபதுக்கும் மேற்பட்டோரின் நினைவிடத்தின் முன் நெடுநேரம் நின்றாராம். எம்மிடம் வந்தபோதும் கண் சிவந்திருந்தது. நாம் ஒன்றும் கேட்கவில்லை. அவரை இலாபமொன்றே கருதி வந்தவராக எழுதிவிடலாம், அது பொய்யாகும். “ஃபாதர், நான் செத்தாலும் இஞ்சதான் சாகோணும். அதுக்கு முன்னம் இந்த ஊரில நாலு பேருக்கு வேலை குடுக்கோணும்” என்றார். தாயின் சீதனக் காணியில் ஐந்து அறைகளோடு ஒரு விருந்தினர் விடுதி கட்டுவது அவர் எண்ணம்.

காணி என்றதும் சிக்கல் தொடங்கிற்று. இருபது பரப்புக் காணியில் தாயின் பங்கு ஆறு பரப்பு மட்டுமே. மற்றவை தாயின் உடன்பிறந்தோரின் பிள்ளைகளுக்குரியவை. ஒருவர் பாரிசில், ஒருவர் கிளிநொச்சியில், இருவர் கனடாவிலேயே அவரோடு பேச்சுவார்த்தையற்று. தேசவழமைச் சட்டம் 1707இல் ஒல்லாந்தரால் தொகுக்கப்பட்டது. பங்காளர்க்கு முற்கொள்வனவு உரிமை தருகின்ற அவ்வழமை இன்னும் உயிரோடிருக்கிறது. ஒரு பங்கை அயலார்க்கு விற்குமுன் மற்றைய பங்காளரைக் கேட்டாக வேண்டும். வெளிநாட்டுப் பணம் நொத்தாரிசின் மேசைமுன் கைகட்டி நின்ற காட்சியை நாம் கண்டோம். சிலர் இச்சட்டத்தை முன்னேற்றத்தின் தடை என்பர். ஊரை விட்டுப் போனவரின் பங்கையும் ஊர் மறவாமல் வைத்திருக்கும் முறை அது என்றே எமக்குப் பட்டது. எவ்வாறாயினும், பாரிசிலிருந்து கடைசி அற்றோணித் தத்துவம் வந்து சேர ஓராண்டு சென்றது.

அதற்குள் கட்டட வேலைகள் தாயின் பங்கில் தொடங்கிவிட்டன. கரையில் ஒரு சீமெந்துப் பையின் விலை ஒன்று. லொறிக் கூலி, துறையில் ஏற்றுகூலி, படகுக் கூலி, இறக்குகூலி, மறுபடியும் லொறிக் கூலி கண்டபின் அதன் விலை வேறொன்று. மேசன்மார் கரையிலிருந்து வந்து தங்கினர். காற்று மாறிய நாட்களில் சம்பளம் மட்டும் ஓடிற்று, வேலை ஓடவில்லை. தீவில் முதலீடு செய்வோர் கடலுக்கும் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். அந்தப் பங்காளரிடம் ஒப்பம் வாங்க எந்த நொத்தாரிசாலும் இயலாது.

இனி எமது பங்கிற்கு வருவோம்.

அவருடைய காணியில் ஒரு கிணறு இருந்தது. சவர்த் தண்ணீர். குளிக்கலாம், சவர்க்காரம் நுரைக்காது. குடிக்க இயலாது. மதிலுக்கு இப்பால் எமது ஆலய வளவில் இருந்த கிணறோ நன்னீர்க் கிணறு. சுற்றியிருந்த பன்னிரண்டு குடும்பங்கள் அதிலேதான் குடிதண்ணீர் அள்ளின. ஒரு மோட்டர் பூட்டி, மதிலுக்குக் கீழாகக் குழாய் பதித்து, விடுதிக்குத் தண்ணீர் எடுக்க அனுமதிக்குமாறு அவர் கேட்டார். அதே வாரத்தில், ஒழுகிக்கொண்டிருந்த எமது ஆலயக் கூரையைத் தம் செலவில் மாற்றித் தருவதாகவும் சொன்னார். இரண்டும் வெவ்வேறு செய்திகள் என்று எமக்கு நாமே கூறிக்கொண்டோம். இன்று அவ்வாறு கூறத் துணியோம்.

கிணற்றுக்கு மிக அருகில் வாழ்ந்தவர் ஓர் ஆச்சி. எண்பதை அண்டியவர், தனியர். மகள் குடும்பம் கிளிநொச்சிப் பக்கம் குடியேறிவிட்டது. “வாருங்கோ” என்று அழைத்துக்கொண்டேயிருந்தது. அவர் போகவில்லை. விடியற்காலையில், நாம் ஆலயக் கதவைத் திறக்குமுன், கப்பி கிரீச்சிடும் ஓசை கேட்கும். இரண்டு குடம், அவ்வளவே. பொழுது ஏறிய பின் அக்கிணற்றில் கைவைக்கமாட்டார், பிறரையும் விடமாட்டார். உடுப்புத் துவைக்க அக்கிணற்றில் அள்ளிய இளம்பெண் ஒருத்தி அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை நாம் விறாந்தையிலிருந்து கேட்டிருக்கின்றோம். கிழவியின் பிடிவாதம் என்று எண்ணினோம்.

மோட்டர்ச் செய்தி காதில் விழுந்ததும் அவர் நேரே எம்மிடம் வந்தார்.

“சுவாமி, அந்தக் கிணறு அள்ளுறதுக்கு. இழுக்கிறதுக்கு இல்ல.”

“ஏன் ஆச்சி, தண்ணி நிறைய நிக்குதே?” என்றோம்.

“நிக்குது. அதுதான் சொல்லுறன்.”

அதற்கு மேல் அவர் விளக்கவில்லை. நாமும் கேட்கவில்லை. குற்றம் அங்கேதான் நிகழ்ந்தது என்பது எமது எண்ணம். பதினான்கு ஆண்டுகள் குருமடத்தில் நூல்களோடு வாழ்ந்தவர்க்கு, விளக்கம் இல்லாத சொல் அறியாமையாகத் தோன்றிவிடுகிறது.

அவ்வாண்டு நவம்பர் மாதம், திருவழிபாட்டு ஆண்டின் இறுதியை நெருங்கிய ஞாயிறொன்றில், தாலந்து உவமை வாசகமாக வந்தது. மண்ணைத் தோண்டித் தாலந்தைப் புதைத்து வைத்த பணியாளனைப் பற்றி வெகு உருக்கமாக மறையுரை ஆற்றினோம். எமது தீவின் வளங்கள் எல்லாம் மண்ணுக்குள் புதைந்து கிடக்கின்றன, அச்சமே எம்மைத் தடுக்கிறது, துணிந்து பயன்படுத்துவோர்க்கு ஆண்டவர் இன்னும் தருவார் என்றோம். கனடாக்காரர் முன்வரிசையில் இருந்தார். ஆச்சி தூணோரம் பாயில் இருந்தார். மறையுரைக்குப் பின் நாம் அவர் பக்கம் பார்க்கவில்லை.

மோட்டர் பூட்டப்பட்டது. புதிய கூரையும் வந்தது. 2019 தை மாதம் விடுதி திறந்தது. நாமே மந்திரித்தோம். ஊர் இளைஞர் மூவருக்கும் சமையலுக்கு இரு பெண்களுக்கும் வேலை கிடைத்தது. இதனையும் மறவாமல் எழுத வேண்டும். பறவை பார்ப்போரும், குதிரை பார்ப்போரும், புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகளும் வந்து இரவு தங்கினர். ஒடியற் கூழ் அருந்திப் புகழ்ந்தனர். கூரையில் ஆயிரம் லீற்றர்த் தாங்கிகள் இரண்டு. ஒவ்வோர் அறையிலும் பூக்குழாய். கடலிலே குளித்து வந்தவர் உப்புப் போக மறுபடியும் குளிப்பது இயல்புதானே. முற்றத்தில் புல்லும் ஐம்பது தென்னங்கன்றுகளும் நடப்பட்டன.

2019 ஏப்ரல் 21ஆம் நாள், உயிர்ப்பு ஞாயிறன்று, ஆலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாடு உறைந்தது. அறை ஒதுக்கியிருந்தவர்கள் அனைவரும் விலகினர். விடுதி மூடப்பட்டது. உரிமையாளர் கனடாவுக்குப் போய்விட்டார். காவலுக்கு நின்ற இளைஞர் மட்டும் நன்றியோடு தம் கடமையைச் செய்துகொண்டிருந்தார்: காலையும் மாலையும் மோட்டரைப் போட்டுப் புல்லுக்கும் தென்னங்கன்றுக்கும் இறைப்பது. விருந்தினர் இல்லை, ஆயினும் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. கப்பி ஒலிக்கு மேலாக மோட்டரின் இரைச்சல் எமக்கும் பழகிவிட்டது.

ஆவணி மாதத்தில் ஒரு காலை ஆச்சி விறாந்தையில் வந்து நின்றார். கையில் ஒரு செம்பு.

“சுவாமி, குடிச்சுப் பாருங்கோ.”

குடித்தோம். விழுங்க முடியவில்லை. துப்பவும் முடியவில்லை, அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் ஏதேனும் பேசியிருந்தால் எமக்கு இலகுவாக இருந்திருக்கும். செம்பை வாங்கி, எஞ்சிய நீரை வாசலிலிருந்த பூச்செடிக்கு ஊற்றப் போனவர், செடி பட்டுவிடும் என்று எண்ணினார் போலும். தெருவில் ஊற்றிவிட்டுப் போனார்.

நீர்வழங்கல் பொறியியலாளர் ஒருவரை அதன் பின்னரே தேடிச் சென்றோம். அவர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். அத்தீவில் ஆறில்லை, மலையில்லை. அடித்தளம் சுண்ணக்கல். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையே ஆண்டின் வரவில் பெரும்பகுதி. அம்மழைநீர் கல்லின் துளைகள் வழியே இறங்கி, அங்கு ஏற்கெனவே ஊறி நிற்கும் கடல்நீரின் மேல், தான் பாரம் குறைந்ததாகையால், ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. நன்னீருக்கும் கடல்நீருக்கும் இடையே பாறையோ தகடோ இல்லை. ஒன்றன் பாரத்தை மற்றொன்று தாங்குவதே ஒழுங்கு. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் நிற்கும் என்பது கணக்கு. கேட்க இனிய கணக்குத்தான். ஆனால் அதே கணக்கின்படி, மேல்மட்டம் ஓர் அடி தாழ்ந்து அவ்வாறே நிலைத்துவிட்டால், காலப்போக்கில் கீழிருந்து உவர்நீர் 40 அடி உயரும். வாளியால் அள்ளுபவர் மேற்பரப்பை மட்டும் எடுக்கின்றார். இரவில் அது ஊறி நிரம்பிவிடும். மோட்டரோ அடியிலிருந்து விடாது இழுக்கிறது. அப்போது கிணற்றின் நேர்கீழே உவர்நீர் கூம்பு போல மேலெழுகிறது. கிணற்றில் தண்ணீர் குறைவதில்லை. நிற்பது போலவே நிற்கும். அதனால்தான் எவரும் ஐயுறுவதில்லை.

“நிக்குது. அதுதான் சொல்லுறன்” என்ற சொல்லின் பொருள் எமக்கு அப்போது விளங்கிற்று.

அதே பொறியியலாளர் இன்னொன்றும் சொன்னார்: தீவின் பழைய நன்னீர்க் கிணறுகளைப் பாருங்கள், ஆழமாக ஒன்று தோண்டாமல், ஆழமின்றிப் பலவாகத் தோண்டியிருப்பார்கள் என்றார். சாராப்பிட்டியில் ஒல்லாந்தர் காலக் கிணறுகள் அருகருகே பலவாக இருப்பதை எத்தனையோ முறை கண்டிருக்கின்றோம். வேலையற்ற வேலை என்றே நினைத்திருந்தோம்.

மோட்டரை அன்றே நிறுத்தினோம். கனடாவுக்கு அறிவித்தோம். அவர் உண்மையாகவே கலங்கினார். பின்னர், “எவ்வளவு வேணும் ஃபாதர்? இன்னொரு கிணறு வெட்டுவம்” என்றார். இல்லை தம்பி, அது அதே தண்ணீர் என்றோம். “அப்ப உப்புத் தண்ணியை நல்ல தண்ணியாக்கிற மெசினைக் கொண்டுவருவம்.” மெசினுக்கு மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்கு டீசல் வேண்டும், டீசலுக்குப் படகு வேண்டும். 2022இல் நாட்டில் எரிபொருள் அற்றுப்போன மாதங்களில் இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் எவ்வாறு அறும் என்பதைத் தீவார் அனைவரும் கண்டனர். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் காற்றாலும் கதிரவனாலும் மின்சாரம் தரும் திட்டம் 2021இல் சீன நிறுவனமொன்றுக்கு வழங்கப்பட்டு, அவ்வாண்டு முடியுமுன்பே நின்றுபோய், 2024 மார்ச்சில் இந்திய நன்கொடையில் புதிய ஒப்பந்தமாயிற்று. எங்கள் தலைக்கு மேல் வீசும் காற்றுக்கு இரண்டு பேரரசுகள் போட்டியிடும் என்று எந்தக் கிழவர் கனவு கண்டிருப்பார்! நல்லதே நடக்கட்டும். எமது கிணற்றுக்கு அப்போதைக்கு வேண்டியிருந்தது மழை மட்டுமே.

மழை வந்தது. மார்கழியில் கிணறு நிறைந்தது. நாவில் வைத்தால் உவர்ப்பு இன்னும் இருந்தது. சீக்கிரம் புகுந்த உப்பு சீக்கிரம் வெளியேறாது போலும். பன்னிரண்டு குடும்பங்களின் பெண்களும் அரை மைலுக்கு அப்பாலுள்ள கிணற்றுக்கு நடந்தனர். தண்ணீர் வண்டி வரும் நாட்களில் வரிசையில் நின்றனர். ஒருவர்கூட எம்மை வாய்திறந்து குறை கூறவில்லை. தண்ணீர்க் குடத்தோடு எதிர்ப்படுகையில், “சுவாமி” என்று வழமைபோல வணங்கி விலகினர். அது போதுமானதாக இருந்தது.

நெடுந்தீவோடு இணைந்ததே கச்சதீவு அந்தோனியார் ஆலயம். ஆண்டுதோறும் இரு நாட்டு மக்களும் கூடும் திருவிழாவுக்கான ஆயத்த வேலைகளில் நாமும் சென்று உதவுவதுண்டு. அத்தீவில் குடியில்லை, குடிநீருமில்லை. வருகின்ற ஆயிரக்கணக்கானோருக்கும் ஒவ்வொரு துளியும் படகில் வந்தாக வேண்டும். 2020ஆம் ஆண்டு விழாவுக்கு முன்னே, அங்கு இறக்கப்பட்ட தண்ணீர்த் தாங்கிகளின் நிழலில் இருந்தபடி எமது கிணற்றை நினைத்துக்கொண்டோம். ஓரூரில் மனிதர் வாழ்வதற்கும் வாழாதிருப்பதற்கும் இடையில் உள்ளது ஒரு வாளி நன்னீர்தான் என்பது, கரையில் குழாயைத் திறந்து பல் துலக்கும் எவருக்கும் விளங்காது.

ஆச்சியால் அரை மைல் நடக்க முடியவில்லை. அயற்பிள்ளைகள் ஒரு குடம் கொணர்ந்து கொடுத்தனர், நாமும் கொடுப்பித்தோம். பிறர் அள்ளிய தண்ணீரை அவர் குடித்த விதத்தை நாம் கண்டிருக்கின்றோம். சிறிது சிறிதாக, கணக்குப் பார்த்து, கடன்பட்டவர் போல. 2020 ஆடியில், முதற் கொரோனாக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபோது, மகள் வந்து அழைத்துப் போனார். ஒரு தகரப்பெட்டி, ஒரு பாய், மாதாவின் படம். மாவிலித்துறைவரை சென்று வழியனுப்பினோம். படகில் ஏற்றும்போது எமது கையைப் பற்றி முத்தி செய்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தோம்; இயந்திரம் முழங்கத் தொடங்கிவிட்டது. அல்லது, முழங்குமட்டும் நாம் காத்திருந்தோம்.

அவ்வாண்டு நவம்பரில், மூன்றாண்டுச் சுழற்சியின்படி, தாலந்து உவமை மறுபடியும் வந்தது. பெருந்தொற்றுக் கட்டுப்பாட்டால் ஆலயத்தில் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே இருந்தனர். புதிய கூரை ஒழுகவில்லை. வாசகத்தை வாசித்து முடித்து, நெடுநேரம் நின்று, ஒன்றும் உரைக்காமல் அமர்ந்தோம். உவமையைத் திருத்துவதற்கு நாம் யார்? தாலந்து ஒன்று, தண்ணீர் ஒன்று என்பதை மட்டும் அறிந்திருந்தோம். ஒன்றைப் புதைத்தவனைத் தலைவர் கடிந்துகொண்டார். மற்றொன்றைத் தலைவரே மண்ணுக்குள் வைத்திருந்தார்.

2021 மழைக்குப் பின் கிணறு தெளிந்தது. விடுதி வெகுநாள் மூடிக் கிடந்து, இப்போது இரண்டு அறைகளோடு நடக்கிறது. உரிமையாளர் கூரைநீரைச் சேர்க்கும் பெருந்தொட்டி ஒன்றைத் தாமாகவே கட்டினார். புல் காய்ந்துவிட்டது. தென்னங்கன்றுகளில் பதினொன்று தப்பின. அவரிடம் எமக்கு மதிப்பு உண்டு. பணத்தை இழந்தும் ஊரைக் கைவிடாதவர் அவர்.

மாற்றலாகிக் கரைக்கு வந்தபின் கிளிநொச்சிப் பக்கம் போகும் வாய்ப்பு ஒன்று நேர்ந்தது. ஆச்சி மகள் வீட்டு விறாந்தையில், வாய்க்கால் ஓடும் ஊரில், குழாய்நீர் முற்றத்திலேயே வரும் வீட்டில் இருந்தார். கண் மங்கியிருந்தது. குரலால் எம்மை அறிந்தார். தேநீர் வருமுன்பே கேட்டுவிட்டார்.

“கிணத்தில தண்ணி எப்பிடி, சுவாமி?”

“நல்லாயிட்டுது ஆச்சி. குடிக்கினம்.”

“மோட்டர்?”

“அண்டைக்கே கழட்டியாச்சு.”

“குழாய்?”

சற்றுத் தயங்கினோம். “அது மண்ணுக்குள்ள கிடக்குது ஆச்சி.”

“அதையும் கிளப்பச் சொல்லுங்கோ, சுவாமி. கிடந்தா ஆரும் திரும்பக் கொழுவுவினம்.”

அன்றிரவே தீவுக்குத் தொலைபேசியில் பேசினோம். மறுவாரம் இரு இளைஞர் மதிலோரம் தோண்டிக் குழாயை எடுத்தனர். அதில் ஒரு பகுதி, ஆலயக் கூரையிலிருந்து விழும் மழைநீரைத் தொட்டிக்குக் கொண்டுபோகப் பயன்படுகிறதாம்.